உதவாக்கரை மெஷின்கள்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. புரூனோ முனாரியைப் பத்தி எழுதணும்னு ரெண்டு வருஷமா குறிப்பு எடுத்து வச்சிருந்தேன். எழுத உட்காரும்போதெல்லாம் ஏதோ விக்கிபீடியா கட்டுரை மாதிரி வந்து நிற்கும். அழிச்சிடுவேன். இப்போ எழுதறதுக்கு ஒரு காரணம் கிடைச்சிருக்கு. அது பெருமையான காரணம் இல்லை. அதையே முதல்ல சொல்லிடறேன்.

போன டிசம்பர்ல ஒரு ராத்திரி என் பொண்ணைப் பார்த்து "உதவாக்கரை"ன்னு கத்திட்டேன்.

அவளுக்கு ஏழு வயசு. வாசிக்க வரலை. எழுத்தெல்லாம் தெரியும், தனித்தனியா காட்டினா டக் டக்குன்னு சொல்லுவா. சேர்த்து வாசிக்கச் சொன்னா மட்டும் எங்கேயோ முட்டி நின்னுடும். மொதல் எழுத்தைப் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தை ஊகிப்பா. "பட்டம்" என்பது "பாட்டு" ஆகும், "பாட்டு" என்பது "பாட்டி" ஆகும். அரைப் பரீட்சை பேப்பர் வந்த அன்னிக்கு நான் ஆபீஸ்ல ஒரு வேலையில சொதப்பி, வாங்கிக் கட்டிக்கிட்டு வந்திருந்தேன். பேப்பரைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் உட்கார வச்சு ஒரே பத்தியைத் திருப்பித் திருப்பி வாசிக்கச் சொன்னேன். ஏழாவதோ எட்டாவதோ தடவை அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்தது.

அவ அழலை. புத்தகத்தை மூடி, நேரா அடுக்கி வச்சுட்டு, போய்ப் படுத்துட்டா. அழுதிருந்தாக்கூட தேவலை.

அந்த வார்த்தை என்னோடது இல்லை, எங்கப்பாவோடது. நான் சின்ன வயசுல நாள் முழுக்க பேப்பரைக் கத்தரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். பழைய காலண்டர், கல்யாணப் பத்திரிகை, சிகரெட் அட்டை எதுவும் தப்பாது. அதைப் பார்த்து அவர் சொல்றது. (அந்த உதவாக்கரை கடைசியில் அச்சகத்துல லே-அவுட் போட்டு, டம்மி கட்டித்தான் சோறு சாப்பிடுது என்பது வேற விஷயம் :-) )

தூக்கம் வராம ஹால்ல உட்கார்ந்திருந்தப்பதான் முனாரி ஞாபகம் வந்தது. ஏன்னா, அந்த மனுஷன் 'உதவாக்கரை' என்ற பெயரைத் தன் படைப்புகளுக்குத் தானே வச்சவர்.

*

சரி, மேட்டருக்கு வருவோம்.

புரூனோ முனாரி 1907 அக்டோபர் 24ல் இத்தாலியின் மிலான் நகரத்தில் பிறந்தவர். சின்ன வயசெல்லாம் அடிஜே ஆத்தங்கரையில் இருக்கும் பாடியா பொலெசினே என்ற சின்ன ஊரில். அப்பா அம்மா அங்கே ஒரு ஹோட்டல் நடத்தினார்கள். பதினெட்டு வயசு வாக்கில் மிலானுக்குத் திரும்பி வந்தார்.

அப்போ இத்தாலியில் ஃபியூச்சரிஸ்டுகளின் காலம். 1909ல் மரினெத்தி ஒரு அறிக்கை விட்டு ஆரம்பித்து வைத்த இயக்கம். வேகம், மோட்டார் கார், விமானம், சத்தம், மெஷின் இதெல்லாம்தான் இனிமே அழகு, பழசையெல்லாம் கொளுத்துன்னு சொன்ன கூட்டம். போரைக்கூட அந்த அறிக்கை புகழ்ந்தது. பின்னாடி மரினெத்தி முசோலினி பக்கம் போய் நின்றதும் வரலாறு. இருபது வயசு முனாரி இந்தக் கூட்டத்தோடுதான் சேர்ந்தார், அவர்களோடுதான் கண்காட்சி வைத்தார். இதை மறைக்கிறதுல எனக்கு இஷ்டம் இல்லை. அவரை 'குழந்தைகளின் நண்பர்' என்று மட்டும் சொல்ற கட்டுரைகள் இந்த இடத்தை வேகமாத் தாண்டிப் போயிடும்.

ஆனா அந்தக் கூட்டத்துக்குள்ள இருந்துக்கிட்டே அவர் என்ன செஞ்சார் என்பதுதான் சுவாரசியம். மத்தவங்க இரும்பையும் புகையையும் இரைச்சலையும் வரைஞ்சுக்கிட்டிருந்தப்போ, இவர் 1933ல் கண்காட்சிக்கு வைத்தது என்ன தெரியுமா? வண்ணம் பூசின அட்டைத் துண்டுகள், மெல்லிசான குச்சிகள், பட்டு நூல். எல்லாத்தையும் சேர்த்துக் கட்டி மேலேர்ந்து தொங்க விட்டார். காத்து வந்தா மெதுவாச் சுத்தும். காத்து இல்லேன்னா சும்மா இருக்கும். பெயர் 'மாக்கினே இனூத்திலி'. பயனற்ற இயந்திரங்கள். எங்கப்பா தமிழ்ல சொன்னா, உதவாக்கரை மெஷின்கள்.

செய்முறையைப் பார்த்தா அது ஒண்ணும் சும்மா இல்லை. ஒரு வடிவத்தை வெட்டினால் அதிலிருந்து வரும் அடுத்த வடிவம் முதலாவதோடு ஒரு அளவுக் கணக்கில் பொருந்தி வரும். இரண்டு பக்கமும் வேற வேற நிறம், அதனால சுத்தச் சுத்த நிறங்களின் சேர்க்கை மாறிக்கிட்டே இருக்கும். எந்த இடத்தில் நூலைக் கட்டினால் சமநிலை கிடைக்கும்னு தேடித் தேடிக் கட்டணும். செஞ்சு பார்த்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். (செஞ்சேன். பின்னாடி சொல்றேன்.)

ஏன் 'பயனற்ற'ன்னு பேர் வச்சார்? அவரே பின்னாளில் விளக்கம் எழுதியிருக்கார். மத்த மெஷின்கள் மாதிரி இது விற்கறதுக்குச் சரக்கு செய்யாது, ஆளைக் குறைக்காது, முதலைப் பெருக்காது. அவ்வளவுதான் காரணம். நண்பர்கள் விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம். கேட்டு வாங்கிக்கிட்டும் போனாங்களாம். ஆனா வாங்கிட்டுப் போய் அதைக் குழந்தைங்க ரூம்ல மாட்டினாங்க. வரவேற்பறையில் கார்ரா, சிரோனி ஓவியங்கள், மரினோ மரினி சிற்பம் மாதிரி 'சீரியஸ்' சமாச்சாரங்கள். இதை அவர் புகாராச் சொல்லலை, வேடிக்கையாத்தான் சொல்றார். ஆனா வலிச்சிருக்கும்னுதான் எனக்குத் தோணுது.

*

நான் அவரைக் கண்டுபிடிச்சது ஒரு பழைய புத்தகக் கடையில். 1966ல் அவர் இத்தாலியனில் எழுதின கட்டுரைத் தொகுப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு, பெங்குவின் போட்டது. டிசைன் பத்தின புத்தகம்னு எடுத்தேன். விளக்கு, போஸ்டர், எழுத்துரு, நாற்காலி என்று சின்னச் சின்னக் கட்டுரைகள். வாத்தியார் மாதிரி பேசாம, டீக்கடையில் பக்கத்துல உட்கார்ந்து பேசற மாதிரி எழுதற ஆள்.

அவரோட நகைச்சுவைக்கு ஒரு சாம்பிள். 1944ல் 'டோமஸ்' பத்திரிகையில் ஒரு புகைப்பட வரிசை போட்டார். ஒரு ஆள் களைச்சுப்போய் வீட்டுக்கு வந்து சோஃபா நாற்காலியில் உட்காருகிறார். வசதியா இல்லை. சாய்ஞ்சு பார்க்கறார், குறுக்கே படுத்துப் பார்க்கறார், தலைகீழா, நாற்காலியையே கவிழ்த்துப் போட்டு... என்னென்னவோ செய்யறார். வசதி கிடைக்கலை. அவ்வளவுதான் விஷயம். டிசைனர்கள் வருஷா வருஷம் புது நாற்காலி போட்டுத் தள்ளறாங்களே, உட்கார முடியுதான்னு யாராவது கேட்டீங்களா என்பதுதான் கேள்வி. அடுத்த வருஷமே ஒரு நாற்காலி வரைஞ்சார்: உட்காரும் பலகை செங்குத்தாச் சரிஞ்சிருக்கும். உட்கார்ந்தா வழுக்கும். பேரு 'மிகக் குறுகிய வருகைகளுக்கான நாற்காலி'. எங்க வீட்டுக்கு ரெண்டு தேவைப்படுது :-)

சிரிப்பு மட்டும்தானான்னு கேட்டா, இல்லை. ஒரு காலுறை ஃபாக்டரிக்குப் போய், நீங்க நெய்யற குழாய் மாதிரியான துணியில விளக்கு செய்ய முடியுமான்னு கேட்டாராம். நாங்க விளக்கு செய்யறதில்லையேன்னு அவங்க சொன்னாங்களாம். செய்வீங்க பாருங்கன்னுட்டு வந்தார். நீளமான இழுபடற வெள்ளைக் குழாய், உள்ளே வேற வேற அளவுல உலோக வளையங்கள். மேலே மாட்டினா வளையங்களோட எடையிலேயே துணி இழுபட்டு, மூங்கில் கணு மாதிரி ஒரு வடிவம் தானா வந்துடும். கழட்டினா தட்டையா மடங்கி ஒரு பெட்டிக்குள்ள போயிடும். 1964ல் டானேசே நிறுவனத்துக்காகச் செய்த 'ஃபாக்லேண்ட்' விளக்கு இதுதான். வடிவத்தை அவர் வரையலை. துணியும் எடையும் சேர்ந்து முடிவு பண்ணிச்சு. என் தொழில்ல இருபது வருஷமா நான் செய்யற தப்பு என்னன்னு அந்த ரெண்டு பக்கம் படிச்சப்போ தெரிஞ்சது. பேப்பர் எதுக்கு வளையும்னு பார்க்காம, நான் நினைச்ச வடிவத்துக்கு அதை மடக்கப் பார்க்கறது.

பேப்பரை மட்டுமா மடக்கப் பார்த்தேன்?

*

முனாரிக்கு ஒரே மகன், ஆல்பெர்ட்டோ. 1940ல் பிறந்தவர். போர் முடிகிற சமயத்தில் அவனுக்கு அஞ்சு வயசு. கடையில் கிடைச்ச குழந்தைப் புத்தகம் எதுவும் அப்பனுக்குப் பிடிக்கலை. அப்போ அவர் மொண்டடோரி பதிப்பகத்தின் பத்திரிகைகளுக்கு வடிவமைப்பு வேலை பார்த்த அனுபவஸ்தர். அதனால தானே செஞ்சுட்டார். 1945ல் மொண்டடோரியே அதை ஒரு வரிசையா வெளியிட்டது.

அதுல ஒண்ணு, லாரி ஓட்டற ஒரு அப்பாவின் கதை. பையனுக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வர்றார். வழியில லாரி ரிப்பேர். அடுத்து கார்ல ஏறறார், அதுவும் நின்னுபோகுது. அப்புறம் அதைவிடச் சின்ன வண்டி, அப்புறம் அதைவிடச் சின்னது. கடைசியில நடந்தே வீடு வந்து சேர்றார். வண்டி சின்னதாக ஆக, புத்தகத்தோட பக்கமும் சின்னதாகிக்கிட்டே போகும்! 1945ல் பைண்டிங் செஞ்ச அந்த மகராசனை நினைச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்கு. தொழில் தெரிஞ்சவங்களுக்குப் புரியும். ஆனா வாசிக்கத் தெரியாத குழந்தைகூட அந்தக் கதையைக் கையால படிச்சுடும். வீடு நெருங்குதுன்னு விரலுக்குத் தெரியும்.

1956ல் 'இருண்ட இரவில்' என்று இன்னொரு புத்தகம். கறுப்புத் தாள்ல நீல மை. தூரத்துல ஒரு சின்ன வெளிச்சம். அது அச்சடிச்ச வெளிச்சம் இல்லை, தாள்ல போட்ட ஒரு ஓட்டை. பக்கம் பக்கமாத் திருப்பினா அந்த ஓட்டை கூடவே வரும். ராத்திரி முடிஞ்சா புல்வெளி, அது ஊடுருவித் தெரியற தாள். அப்புறம் குகை, அது சொரசொரப்பான சாம்பல் தாள். 1968ல் வந்த 'மிலானின் பனிமூட்டத்தில்' புத்தகத்துல பனி முழுக்க ட்ரேசிங் பேப்பர். ஒவ்வொரு தாளைத் திருப்பும்போதும் பின்னாடி மங்கலாத் தெரிஞ்சது கிட்ட வரும். நடுவுல பனி விலகி, கலர் கலர் தாள்ல ஒரு சர்க்கஸ். திரும்ப பனி. மிலான் குளிர்காலப் பனிக்குப் பேர் போன ஊர். அந்தப் பனியில நடக்கற அனுபவத்தை ட்ரேசிங் பேப்பரால குழந்தை கையில குடுத்துட்டார்.

இந்த ரெண்டு புத்தகத்துக்கும் முன்னாடி, 1949லேயே, 'வாசிக்க முடியாத புத்தகங்கள்'ன்னு ஒரு வரிசை ஆரம்பிச்சிருந்தார். ஒரு எழுத்துகூட இருக்காது. வெட்டின தாள், நிறம், தையல், நூல். எழுத்தை எடுத்துட்டா புத்தகம் என்ன சொல்லும்னு கேட்ட சோதனை. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1955ல் அவரோட வேலைகளைக் காட்சிக்கு வச்சது. வரவேற்பறைக்குள்ள வர இருபது வருஷம் ஆகியிருக்கு!

அந்தச் சோதனை 1980ல் குழந்தைகள்கிட்ட வந்து சேர்ந்தது. 'முன்-புத்தகங்கள்'ன்னு சொல்லலாம். வாசிக்கப் பழகறதுக்கு முந்தின பருவத்துக்குப் பன்னிரண்டு குட்டிப் புத்தகங்கள், ஒவ்வொண்ணும் உள்ளங்கை அளவு. காகிதம், அட்டை, மரம், துணி, பிளாஸ்டிக்னு ஒவ்வொண்ணும் ஒரு பொருள். எல்லாத்துக்கும் ஒரே தலைப்பு: 'புத்தகம்'. முன்பக்கம் பின்பக்கம் ரெண்டிலேயும் தலைப்பு இருக்கும். எந்தப் பக்கம் பிடிச்சாலும் சரி. அதாவது, குழந்தை அதைத் 'தப்பாப்' பிடிக்கவே முடியாது.

இந்த இடத்துலதான் அன்னிக்கு ராத்திரி என் மூளை நின்னுது. தப்பாப் பிடிக்கவே முடியாத ஒரு புத்தகத்தை என் பொண்ணு வாழ்க்கையில நான் ஒரு நாளாவது குடுத்திருக்கேனா? அவளுக்குப் புத்தகம்னா என்ன? மொத வரியிலேர்ந்தே தப்பு பண்ற இடம். அப்பா மூஞ்சி மாறற இடம்.

*

மறுநாள் காலையில "ஸாரிம்மா"ன்னு சொன்னேன். "எதுக்குப்பா?"ன்னா. நிஜமாவே தெரியலையா, என்னை விட்டுக்குடுக்க மனசில்லையான்னு இன்னிவரைக்கும் தெரியலை.

அச்சகத்துலேர்ந்து கட்டிங் வேஸ்ட் ஒரு பை நிறைய எடுத்துட்டு வந்தேன். ஆர்ட் பேப்பர் ஓரம், கிராஃப்ட் அட்டை, ட்ரேசிங் ஷீட், பைண்டிங் துணித் துண்டு. எதுவும் சொல்லிக்குடுக்கலை. முனாரி 1977ல் மிலானின் ப்ரேரா ஓவியக்கூடத்துல குழந்தைகளுக்குன்னு ஒரு கூடம் ஆரம்பிச்சார். அங்கே அவர் வச்ச முறை, 'என்ன செய்யணும்'னு சொல்லக்கூடாது, 'எப்படிச் செய்யலாம்'னு மட்டும் செஞ்சு காட்டணும். நானும் ஒரு தாளைக் கிழிச்சேன், ஒண்ணை வெட்டினேன், ஒண்ணை மடிச்சேன், ஒண்ணைத் தைச்சேன். பேசாம நகர்ந்து உட்கார்ந்துட்டேன். (பேசாம இருக்கறதுதான் கஷ்டமே.)

மூணு ஞாயித்துக்கிழமையில நாலு புத்தகம் செஞ்சா. ஒண்ணு முழுக்க ட்ரேசிங். "இது என்னம்மா?" "பாட்டி கண்ணாடி இல்லாம பார்க்கறது." இன்னொண்ணுல ஒவ்வொரு பக்கமும் ஒரு ஓட்டை, கடைசிப் பக்கத்துல ஓட்டை இல்லை. அது ஏன்னு கேட்டேன். "அங்க கதவை மூடிட்டாங்க"ன்னா. நான் அதுக்கு மேல கேட்கலை.

இதுக்கப்புறம் அவளுக்கு வாசிப்பு வந்துடுச்சுன்னு எழுதினா கதை நல்லா முடியும். வரலை. அவளோட சிரமத்துக்கு ஒரு பேர் இருக்கு. அதை ஒரு நிபுணர் பார்த்துச் சொன்னாங்க. வாரத்துல ரெண்டு நாள் ஒரு ஸ்பெஷல் டீச்சர்கிட்ட போறா. அவங்க எழுத்தை உப்புத்தாள்ல வெட்டி, விரலால தடவிப் பார்க்க வைக்கறாங்க. வேகம் இல்லை, ஆனா நகருது. முனாரி வைத்தியம் பார்க்கறவர் இல்லை. அந்த வேலையை அவர் தலையில கட்டறது நியாயமும் இல்லை. அவர் குணமாக்கினது, அப்படிச் சொல்லலாம்னா, வேற ஒருத்தனை.

முனாரிக்கு நேர்ந்ததும் ஒரு வகையில இந்தப் பிரச்சினைதான்னு இப்போ தோணுது. ஓவியர்னு சொன்னா டிசைனர்னாங்க. டிசைனர்னு பார்த்தா பொம்மை செய்யறார். 1954ல் 'தங்கக் காம்பஸ்' விருது ஆரம்பிச்ச முதல் வருஷமே, ஃபோம் ரப்பருக்குள்ள கம்பி வச்ச ஒரு குரங்கு பொம்மைக்கு அது கிடைச்சது. பொம்மைக்காரர்னு பார்த்தா 1964ல் மிலான் மெட்ரோ தொடங்கினப்போ கம்பாரிக்கு ஒரு போஸ்டர்: ஒரே பெயர், துண்டு துண்டா, வேற வேற எழுத்துல. ஓடற ரயில்லேர்ந்து பார்க்கறவன் கண்ணு எங்கே விழுந்தாலும் அந்தப் பேரைப் பிடிச்சுக்கும். 1971ல் குழந்தைகளுக்குக் கட்டிலும் மேசையும் அலமாரியும் சேர்ந்த ஒரு இரும்புச் சட்டம், 'அபிடாகோலோ'. எடை 51 கிலோ, இருபது பேர் ஏறினாலும் தாங்கும்னு சொன்னார். 1979ல் அதுக்கும் தங்கக் காம்பஸ். எந்தப் பெட்டிக்குள்ளேயும் அடங்காத ஆளை உலகம் பெரிய கலைஞர்கள் வரிசையில சட்டுனு சேர்க்கறதில்லை. அவர் 1998 செப்டம்பரில், தொண்ணூறு வயசில், மிலானிலேயே இறந்துபோனார்.

மகன் ஆல்பெர்ட்டோ என்ன ஆனார்னு தேடிப் பார்த்தேன். உளவியலாளர். ஜெனீவாவுல, குழந்தைகள் எப்படிக் கத்துக்கறாங்கன்னு ஆராய்ஞ்ச பியாஜேயோட வேலை பார்த்தவர். லாரிக்காரர் புத்தகத்தை மொதமொதல்ல திருப்பின விரல்கள்!

*

கடைசியா, அந்த மெஷின். ஜனவரியில நானும் அவளும் சேர்ந்து ஒண்ணு செஞ்சோம். துடைப்பக் குச்சி, தையல் நூல், ரெண்டு பக்கமும் கலர் ஒட்டின அட்டை. சமநிலை கிடைக்க ரெண்டு நாள் ஆச்சு. நான் ஸ்கேல் வச்சு அளந்த முடிச்செல்லாம் சாய்ஞ்சது. அவ கண்ணால பார்த்து, "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்பா"ன்னு நகர்த்தினது நின்னுது.

பொங்கலுக்கு எங்கப்பா வந்திருந்தார். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கிட்டிருந்தார். ஃபேனை நிறுத்தினா மெதுவா ஒரு தடவை சுத்தி, யோசிச்சு, எதிர்ப்பக்கம் சுத்தும்.

"என்னடா இது?"

"மெஷின் தாத்தா"ன்னா அவ.

"என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது!"

அவர் என்னைப் பார்த்தார். அந்த வார்த்தை வரப்போகுதுன்னு நினைச்சேன். வரலை. கையை நீட்டி ஒரு அட்டையை விரலால லேசாத் தட்டிவிட்டு, சுத்தி முடியற வரைக்கும் பார்த்துக்கிட்டு நின்னார்.

குழந்தை ரூம்ல மாட்டலை. ஹால்லதான் தொங்குது.